மூன்றாம் வரிசைக் குரல்

டெல்வின் கல்லூரியின் மல்யுத்தக் கூடத்தில் ஆயிரத்து இருநூறு பேர் உட்காரலாம். ஆனால் தொண்டை என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே மார்லிஸ் டெஸ்டாலுக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் கத்துவார்கள், அவ்வளவுதான். மூன்றாம் வரிசையில், மெத்தையின் நடுவட்டத்துக்கு நேர் எதிரே, இருபத்திரண்டு பனிக்காலமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எவனாவது சண்டை போடாமல் ஓரடி பின்வாங்கினால் போதும், "இழுத்தடிக்கிறான்!" என்று ஒரு சத்தம் எழும். முன்வரிசையில் பன்றிப்பண்ணைக்காரர்கள் காப்பியை மடியில் கொட்டிக்கொள்வார்கள். வார நாட்களில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்தக் குரல் பேருந்தில் வளர்ந்து கூடத்துக்கு வந்ததா, கூடத்தில் வளர்ந்து பேருந்துக்குப் போனதா என்பதில் ஊருக்குள் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. டெல்வின்காரர்களுக்கு மல்யுத்தம் என்றால் முன்னால் போவது. பயிற்சியில் ஒருவன் ஓரடி பின்வைத்தால் கூடத்தின் படிக்கட்டு முழுவதும் ஏறி இறங்க வேண்டும். ஈரடி வைத்தால் அந்த வாரம் யாரும் அவனோடு சாப்பிட உட்காரமாட்டார்கள். ஜெயித்தாலும் முன்னால் போய் ஜெயி, தோற்றாலும் முன்னால் போய்த் தோற்றுத் தொலை. இதுதான் அந்த ஊரின் பக்தி.

நாற்பது மைல் தள்ளி இருக்கிற ஓர்லண்ட் கல்லூரிக்காரர்களோ வேறு ஜாதி. முதல் நிமிடத்தில் திருட்டுத்தனமாக ஒரு பிடி போட்டு இரண்டு புள்ளி எடுப்பார்கள். மிச்ச நேரமெல்லாம் அந்தப் புள்ளியை அடைகாப்பார்கள். மெத்தையின் விளிம்பிலேயே நடமாட்டம். காதுக்கவசம் நகர்ந்துவிடும், அதைச் சரிசெய்ய ஆட்டம் நிற்கும். மூக்கில் ரத்தம் வருவதுபோல் இருக்கும், பஞ்சு வைத்துப் பார்த்தால் வராது. எதிராளியின் கணுக்காலைக் கட்டிக்கொண்டு, காணாமல் போன மாமனைக் கண்டதுபோல விடவே மாட்டார்கள். இதற்கு ஓர்லண்டில் பொறுமை என்று பெயர். டெல்வினில் இதற்கு இருக்கிற பெயர்களை அச்சில் ஏற்ற முடியாது.

மார்லிஸின் ஒரே மகன் ராய்ஸ் ஓர்லண்ட் அணியில் இருந்தான்.

அவன் பிறவியிலேயே இழுத்தடிப்பவன். பட்டாணி சாப்பிட ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்வான். குளிக்கச் சொன்னால் சட்டையின் முதல் பொத்தானிலேயே தங்கிவிடுவான். அடுப்படியிலிருந்து அம்மா அந்த ஒரு வார்த்தையைக் கத்துவாள். டெல்வின் பயிற்சியாளர் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "பையன் எதிராளியோட மோதலை, கடிகாரத்தோட மோதுறான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓர்லண்ட் பயிற்சியாளரோ அதே காரணத்துக்காக அவனைக் கட்டி அணைத்துக்கொண்டார்.

போன ஆண்டு வட்டாரப் போட்டி டெல்வின் கூடத்தில் நடந்தது. அரையிறுதியில் ராய்ஸ் ஒரு புள்ளி முன்னிலை. இருபது நொடி மிச்சம். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியும் விளிம்பை ஒட்டி உலாவிக்கொண்டிருந்தான். மார்லிஸ் கத்திவிட்டாள். வேண்டுமென்று இல்லை, தும்மல் வருவதுபோல வந்துவிட்டது. நடுவர் இழுத்தடிப்புச் சைகையாகக் கையை முறுக்கித் தூக்கினார், புள்ளி எதிராளிக்குப் போனது, கூடுதல் நேரத்தில் ஆட்டமும் போனது. ராய்ஸ் மேலே பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை. நவம்பரில் நன்றி கூறும் நாளின் வான்கோழி விருந்துக்கும் வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. வந்தது ஒரு வாழ்த்து அட்டை. அதில் அச்சடித்த வாசகத்துக்குக் கீழே பெயர் மட்டும். மார்லிஸ் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, பால் எடுக்கும்போதெல்லாம் பார்த்து நொந்துகொண்டாள்.

பிப்ரவரியில் தொலைபேசி வந்தது.

"அம்மா, வெள்ளிக்கிழமை டெல்வின்ல எங்களுக்குப் போட்டி."

"தெரியும்டா."

"இதுல தோத்தா வட்டாரப் போட்டிக்கு என் எடைப் பிரிவுல வேற ஒருத்தனைப் போட்டுருவாங்க. இது எனக்குக் கடைசி வருஷம்."

"அதுவும் தெரியும். அப்பா சொன்னாரு."

"நீ வரவேண்டாம்னு சொல்லலை. வா. ஆனா வாயைத் திறக்காதே. ஒரு சத்தம் வரக்கூடாது. முடியுமா?"

"முடியும்."

"நிஜமா?"

"பெத்தவடா நான். ஏழு நிமிஷம் வாயை மூடிட்டு இருக்கத் தெரியாதா?"

"பார்க்கலாம்" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை கூடம் பிதுங்கியது. மார்லிஸ் வழக்கமான இடத்தில், ஒரு பக்கம் கணவன் ஆர்டன், மறுபக்கம் சிநேகிதி லவோன் க்ரூஸ். மார்லிஸின் கைப்பையில் ஒரு பவுண்டு காரமெல் மிட்டாய் இருந்தது. பல்லோடு பல்லை ஒட்டவைக்கிற ரகம். ராய்ஸின் பெயர் அறிவிக்கப்பட்டதும் நான்கை ஒரேயடியாக வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஏன்டி, பசியா?" என்றாள் லவோன்.

"ம்ம்."

"அவளை விடு," என்றார் ஆர்டன். "பூட்டு போட்டிருக்கா."

எதிரே ட்ராய் எங்கல். டெல்வினின் செல்லப்பிள்ளை, உழவு இயந்திரத்துக்கு அரைக்கால் சட்டை போட்டுவிட்டதுபோல இருப்பான். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இழுத்தடிப்புக்காக எச்சரிக்கை வாங்காதவன். நடுவர் மெர்ல் ஹாக், வார நாட்களில் விதைச்சோளம் விற்கிற மனிதர், வளைந்த கால்களோடு வட்டத்துக்குள் வந்து விசில் ஊதினார்.

முதல் நிமிடத்திலேயே ராய்ஸ் ட்ராயின் கையை இழுத்துவிட்டுப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து கவிழ்த்தான். இரண்டு புள்ளி. மார்லிஸின் உள்ளங்கால் துள்ளியது. வாய் துள்ளவில்லை. ட்ராய் நழுவி எழுந்ததில் அவனுக்கு ஒன்று. இரண்டாம் சுற்றில் ராய்ஸ் நழுவியதில் இவனுக்கு ஒன்று. மூன்றாம் சுற்றில் ட்ராய்க்கு இன்னொன்று. மூன்றுக்கு இரண்டு. ஒன்றரை நிமிடம் மிச்சம். அடைகாத்தல் ஆரம்பமாயிற்று.

காதுக்கவசம் நகர்ந்தது. மூக்கில் பஞ்சு போனது, வெள்ளையாகவே திரும்பி வந்தது. ட்ராய் பாய்ந்தால் ராய்ஸ் விளிம்புக்கு வெளியே போய் விழுந்தான். எழுந்து நடுவட்டத்துக்கு நடந்து வருவதில் ஒரு கல்யாண ஊர்வலத்தின் நிதானம் இருந்தது. கூடம் கொதித்தது. "இழுத்தடிக்கிறான்! மெர்ல், கண்ணு அவிஞ்சுபோச்சா?" மெர்ல் ஒருமுறை கையை முறுக்கித் தூக்கினார். அது எச்சரிக்கை. அடுத்த தடவை என்றால் புள்ளி போகும்.

நாற்பது நொடி. ராய்ஸ் மறுபடி பின்வாங்கினான். ஓரடி, ஈரடி, மூன்றடி. மார்லிஸுக்கு அடிவயிற்றிலிருந்து அந்த வார்த்தை கிளம்பி மேலே வந்தது. காரமெல்லில் மோதி நின்றது. முகம் சிவந்து, பிறகு பீட்ரூட் நிறமாகி, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆர்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் ரத்தம் ஓடாத அளவுக்கு அவள் அதை நெரித்தாள்.

மெர்ல் ஹாக் கூடத்துக் கூச்சலைக் காதில் வாங்குகிறவர் இல்லை. எதிரணிக்காரன் இருமினாலும் அது இழுத்தடிப்பு என்று கத்துகிற கூட்டம் அது. ஆனால் மூன்றாம் வரிசைக் குரல் வேறு. இத்தனை வருடத்தில் அது ஒருமுறையும் பொய்யாகக் கத்தியதில்லை. இப்போது அந்தக் குரல் வரவில்லை. மெர்ல் ஒரு கணம் தலையைத் திருப்பி மேலே பார்த்தார். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணீரோடு, உதட்டைத் தைத்துக்கொண்டவள் மாதிரி மார்லிஸ் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். அவள் இவ்வளவு பாடுபட்டு அடக்குகிறாள் என்றால் அடக்குகிற விஷயம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்!

கை முறுக்கி மேலே போனது. ட்ராய்க்கு ஒரு புள்ளி. மூன்றுக்கு மூன்று.

மார்லிஸுக்குத் தலை சுற்றியது. பேசினால் போன வருடக் கதை, பேசாவிட்டால் இந்த வருடக் கதை. இது என்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது? வாய் நிறைய மிட்டாய்.

கூடுதல் நேரம். இதில் முதலில் கவிழ்க்கிறவனுக்கு வெற்றி. இனிமேல் அடைகாக்க ராய்ஸிடம் முட்டை இல்லை. அவன் ஓர்லண்ட் வரலாற்றிலேயே இல்லாத ஒரு காரியத்தைச் செய்தான். முன்னால் போனான். ட்ராயின் நெற்றியில் நெற்றியை வைத்துத் தள்ளினான். ஏழு நிமிடம் இவனைத் துரத்தித் துரத்தி ட்ராயின் கால்கள் ஈரத்துணியாகியிருந்தன. அவன் ஓரடி பின்வைத்தான். இன்னோரடி. குதிகால் விளிம்புக் கோட்டைத் தொட்டது.

கூடம் அமைதியாகிவிட்டது. இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திய ஆயிரத்து இருநூறு பேருக்கும் திடீரென்று தங்கள் பூட்ஸ் கயிற்றில் ஆர்வம் வந்துவிட்டது. லவோன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். ட்ராய் இன்னோரடி பின்வைத்தான்.

அந்தக் கணத்தில் மார்லிஸ் தாயாக இருந்தாளா, நியாயஸ்தியாக இருந்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மகனுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. இருந்தும் எழுந்துவிட்டாள்.

"இழுத்தடிக்கிறான்! ட்ராய் எங்கல் இழுத்தடிக்கிறான்!"

காரமெல் உருண்டை பறந்துபோய் முன்வரிசைக்காரர் ஒருவரின் தொப்பியில் ஒட்டிக்கொண்டது.

மெர்லின் கை பாதி உயர்ந்தது. முழுக்க உயரத் தேவைப்படவில்லை. அந்தக் குரலில் தன் பெயர் வந்து ட்ராய் கேட்டதே இல்லை. அது எதிராளிகளுக்கு விழுகிற சவுக்கு. அவன் காது வரை சிவந்தான். தான் டெல்வின்காரன் என்பதை அங்கேயே, அந்த நொடியிலேயே நிரூபித்தாக வேண்டும் என்பதுபோல, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் பாய்ந்தான். ராய்ஸ் ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றி அவனுக்கு அடியில் புகுந்தான். ஒரு காலை அள்ளித் தூக்கினான். உழவு இயந்திரம் கவிழ்ந்தது.

ஓர்லண்ட்காரர்கள் முப்பது பேர் கூத்தாடினார்கள். மற்றபடி சாவு வீடு.

"துரோகி," என்றாள் லவோன். "இருபத்திரண்டு வருஷம் உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்டி!"

"பின்னால போனானா இல்லையா?"

"போனான். அதுக்கு? நம்ம பையன்டி அவன்!"

"எதிர்ல நின்னவன் என் பையன்."

"ஆங்! அப்ப அதைச் சொல்லு!"

"அதுக்காகக் கத்தலை," என்றாள் மார்லிஸ். சொன்ன பிறகு தனக்கே நம்பிக்கை வராமல் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

தடுப்புக் கம்பி ஓரம் ராய்ஸ் நின்றிருந்தான், புருவத்தில் பனிக்கட்டிப் பை. அவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். ஆர்டன் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினார்.

"வாயைத் திறக்கமாட்டேன்னு சொன்னியே," என்றான் ராய்ஸ்.

"சொன்னேன். திறந்துட்டேன். ஏதாவது சொல்லணும்னா இங்கேயே சொல்லிடு. வருஷம் முழுக்க அட்டையில பேர் எழுதி அனுப்பாதே. என்னால முடியலைடா."

அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்து அவன் கேட்டதில்லை. பனிக்கட்டிப் பையை இறக்கினான்.

"மெர்ல் உன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் கையைத் தூக்கினாரு. தெரியுமா?"

"தெரியும்."

"கத்தினாலும் புள்ளி போகுது. கத்தலைன்னாலும் போகுது. நான் எங்கதான் போறது?" சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், அடங்கவில்லை. ஆர்டனும் சிரித்தார். மார்லிஸ் மட்டும் அழுதாள். பல்லில் மிட்டாய் ஒட்டியிருந்ததால் ஒழுங்காக அழக்கூட முடியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரேன்," என்றான் ராய்ஸ். "அடுத்த சனிக்கிழமை நீ எங்க கூடத்துக்கு வா. அங்க ஒரு பய சத்தம் போடமாட்டான். நூலகம் மாதிரி இருக்கும்."

"உங்க பசங்கதானேடா பின்னாலயே போறவங்க? நான் வந்து யாரைப் பார்த்துக் கத்துறது?"

"எங்களைத்தான்."

"உன்னையுமா?"

ராய்ஸ் வாசல்பக்கம் பார்த்தான். அணியின் பேருந்து ஒலி எழுப்பியது. பனிக்கட்டிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மறுபடி இந்தக் கைக்கு மாற்றினான்.

"என்னையும்தான்," என்றான் கடைசியில். "ஆனா முன்னிலையில இருந்தேன்னா, கடைசி ரெண்டு நிமிஷம் கண்டுக்காதே."

"அரை நிமிஷம்," என்றாள் மார்லிஸ். "அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது."