முதலில் வரும் செய்தி

நான் நர்ஸ். இணையத்தில் என் பேரைத் தேடினால் முதலில் வருவது என் படம்தான். ஆஸ்பத்திரி வாசலில், போலீஸ்காரம்மா பக்கத்தில், தலையைத் தொங்கப்போட்டு நிற்பேன். ‘மருந்து திருடிய நர்ஸ் கைது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. திருடியது ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோர்காரன் என்று கோர்ட்டே சொல்லி என்னை விடுதலை செய்த செய்தியும் இருக்கிறது. அது எங்கேயோ நாலாம் பக்கத்து அடியில் கிடக்கிறது. அதுவரை மெனக்கெட்டுப் போக யாருக்குப் பொறுமை?

இந்தத் தடவை வேலை கேட்டுப் போனது ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. மேட்ரனுக்கு என்னைப் பிடித்துவிட்டது. எந்த வார்டு என்பதுவரை பேசிவிட்டார். மறுநாள் அவரே போன் செய்தார்.

“உன் வேலையில ஒரு குறையும் இல்லம்மா. மேல யாரோ உன் பேரைத் தேடிப் பாத்திருக்காங்க.”

“கேஸே பொய்னு தீர்ப்பாயிடுச்சு மேடம். அதுவும் இருக்கு, கொஞ்சம் தள்ளிப் பாக்கச் சொல்லுங்க.”

“அவங்க முதல்ல வர்றதோட நிறுத்திப்பாங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்?”

வெறுத்துப்போய்த் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனேன். ஊரில் பாதி கடைகளுக்கு வெப்சைட் போட்டுத் தருகிறவர். திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இவ்வளவு பழசு இந்நேரம் தானா கீழ போயிருக்கணுமே. ஆள் தொறக்கத் தொறக்கத்தான் மேல நிக்கும். யாரோ விடாம உங்க பேரைப் போட்டு இதையே தொறந்து பாக்கறாங்கன்னு நினைக்கிறேன்.”

ஸ்டோர்காரனின் ஆட்களாகத்தான் இருக்கும். அவன் குடும்பம் விளங்குமா என்று வழிநெடுகச் சபித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ஒற்றை விரலால் போனில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். என் பேர்.

“என்னப்பா பண்றீங்க?”

“அந்தப் பாழாப்போன செய்தி தொலைஞ்சிருச்சான்னு பாக்கறேம்மா. தினம் தொறந்து பாத்துருவேன். அம்மா மத்தியானம் பாப்பா. அண்ணன் ஆபீஸ்லேர்ந்து பாக்கறான். சித்தப்பா வீட்லயும் பாக்கச் சொல்லியிருக்கேன். போக மாட்டேங்குதே!”

கத்தலாம் என்றால் அவர் முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை.

“தீர்ப்பு வந்த செய்தியை என்னிக்காவது தொறந்து பாத்தீங்களாப்பா?”

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“அதை எதுக்கும்மா பாக்கணும்? நீ எடுக்கலைன்னுதான் நமக்குத் தெரியுமே.”