சின்னானை அழைத்த குரல்

மார்ச் 2, சனிக்கிழமை, காலை ஏழு பத்துக்கு நான் அந்தப் பாட்டைப் பதிவு செய்தேன். குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் ஒரு காட்டு மேடு வரும். அங்கே வைக்கோல்தலைச் சின்னான் ஒரு ஜோடி இருக்கலாம் என்று ஜனவரியிலிருந்தே எனக்குச் சந்தேகம். வாராவாரம் போய்ப் பதிவு எடுக்க முயன்றேன். மைனாவைவிடச் சற்றுப் பெரிய பறவை. தலை காய்ந்த வைக்கோல் நிறம், கன்னத்தில் கறுப்புக் கோடு. அதன் பாட்டுக்காகவே பிடித்துப் பிடித்து, சுற்றியுள்ள நாடுகளில் பல காடுகளை வெறுமையாக்கிவிட்டார்கள். சிங்கப்பூரில் மிஞ்சியிருப்பவை சில நூறு.

சந்தேகம் என்று சொல்லக் காரணம் என் காதுகள். பகலில் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஓர் எண் பிசகியிருந்தால் கண்ணில் பட்டுவிடும். பறவைக் குரல் எனக்கு அப்படிப் பிடிபடுவதில்லை. மைனாவைக்கூட இரண்டு முறை வேறு பெயரில் குறித்திருக்கிறேன்.

வாரத்தில் இரண்டு மாலை ஃபேரர் பார்க்கில் இயற்கை ஆய்வு வகுப்புக்குப் போகிறேன். பதிவு எடுக்கும் முறையை அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் நம் குரலில் தேதி, நேரம், இடம். பிறகு அசையாமல் இரண்டு நிமிடம். முதல் நாளே இன்னொன்றும் சொன்னார்கள். காட்டுயிரைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்; ஆனால் சட்டம் எல்லா மரத்தடியிலும் காவல் நிற்காது. அதனால் அரிய பறவை இருக்கும் இடத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது. இதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன்.

செவ்வாய் மாலை, வகுப்புக்கு முன் என் அண்ணன் ரியாஸின் கடைக்குப் போனேன். வீட்டில் அவரை நானா என்று கூப்பிடுவேன். என்னைவிட எட்டு வயது பெரியவர். வகுப்புக்கு இரண்டு தெரு தள்ளி கைப்பேசி உறை, சார்ஜர், ஸ்பீக்கர் விற்கிறார். ஞாயிறுதோறும் எங்கள் புளோக்கின் கீழே கூண்டுகளை மாட்டிப் பறவைகளைப் பாடவிடும் கூட்டத்தில் அவருக்கு நல்ல பெயர். முறையாகக் கடையில் வாங்கிய ஜம்புல் என்னும் கொண்டைக்குருவிகள் இரண்டு வைத்திருக்கிறார்.

“வந்துட்டாங்கய்யா, குருவி டாக்டர்!” என்றார்.

“கிண்டல் பண்ணாதீங்க நானா. ஒரே தடவை கேட்டுச் சொல்லுங்க. இது அதுதானான்னு எனக்குத் தெரியல.”

“போன தடவை இப்படித்தான் மைனாவக் கொண்டாந்து காட்டுன.”

விற்பனைக்கு வைத்திருந்த ஸ்பீக்கர் ஒன்றில் பதிவைப் போட்டார். என் குரல் கடை முழுவதும் கேட்டது. “மார்ச் இரண்டு, சனிக்கிழமை, காலை ஏழு பத்து. மேட்டுப் படிக்கட்டின் உச்சி, இடப்பக்கம் மூன்றாவது மரம்.”

“நியூஸ் வாசிக்கிறியா லா?” என்று சிரித்தார். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. அவர் சிரிப்பு நின்றது. சார்ஜர் கேட்டு நின்ற ஒருவருக்குப் பதில் சொல்லாமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பராவ்,” என்றார், சின்னானின் மலாய்ப் பெயரில். “ஆண் தொடங்குது, பொண்ணு முடிக்குது. இங்கயா இருக்கு, நம்ம வீட்டுப் பக்கத்துல? இத அனுப்பு நிசா. நிதானமாக் கேட்டுட்டு உறுதியாச் சொல்றேன்.”

அங்கேயே நின்று அனுப்பினேன். சிவப்பு மையில் எழுதியது நினைவுக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. கூடப் பிறந்தவர் வெளியாள் ஆகமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்து ரயிலில் இருக்கும்போது அவர் செய்தி வந்தது: ‘நூறு சதவீதம் பராவ். சந்தேகமே வேணாம்.’ என் குறிப்பேட்டில் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதினேன்.

நோன்பு மாதம் தொடங்கியது. மார்ச் 23, சனிக்கிழமை எனக்கு வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முந்தைய நாள் மாலை என் ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சஹர் உணவு முடிந்து நானா பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். ஏழு மணிக்கு நான் மேட்டுக்குப் போனேன்.

படிக்கட்டில் பாதி ஏறியபோது ஒரு பெண் பேசுவது கேட்டது. “மார்ச் இரண்டு, சனிக்கிழமை, காலை ஏழு பத்து.” குரல் என்னுடையது. நான் அப்படியே நின்றேன். சின்னான் பாடியது. பாட்டு முடிந்ததும் பதிவு மறுபடி முதலிலிருந்து ஓடியது; தேதிக்குப் பிறகு என் குரல் இடத்தைச் சொன்னது. “மேட்டுப் படிக்கட்டின் உச்சி, இடப்பக்கம் மூன்றாவது மரம்.”

மீதிப் படிகளை ஓடி ஏறினேன்.

மூன்றாவது மரத்தில், தோள் உயரத்தில் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. கிளைகளில் பிசின் தடவிய குச்சிகள். மரத்தடியில் நானா மண்டியிட்டிருந்தார். சட்டையைக் கழற்றி எதையோ பொத்திப் பிடித்திருந்தார். வைக்கோல் நிறத் தலை ஒன்று துணிக்கு வெளியே தெரிந்தது. மூன்று மாதம் தேடிய பறவையை நான் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தது அப்போதுதான். அலகு திறந்திருந்தது. ஓர் இறக்கையும் வாலும் குச்சியோடு ஒட்டியிருந்தன.

“உனக்கு இன்னைக்கு வேலைதானே?” என்றார்.

ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

“நோன்பு வச்சுக்கிட்டு என்ன வேலை இது நானா?”

“உன் பேச்ச வெட்டிட்டுப் பாட்ட மட்டும் போட்டேன். ரெண்டு நாளா வரவே இல்ல. இன்னைக்கு உன் குரலோட போட்டேன், வந்திருச்சு. வாராவாரம் உன்னக் கேட்டுப் பழகிருச்சு.” அவர் தம்பட்டம் அடிக்கவில்லை. ஆச்சரியப்பட்டுச் சொன்னார். “வித்துத் தின்னவா புடிச்சேன்? வீட்டுல ஒரு குரல் இருக்கட்டுமேன்னுதான். எண்ணெய் போட்டு எடுத்துருவேன். வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்.”

“அப்ப விட்டுருங்க.”

“இப்படியேவா? பறக்காது. சாயங்காலத்துக்குள்ள செத்துரும்.”

அவர் சொன்னது சரிதான். விட்டால் சாகும். கொண்டுபோனால் கூண்டு. பிழைத்து மறுபடி காட்டுக்குப் போக ஒரே வழிதான் இருந்தது. காட்டுயிர் மீட்பு எண் வகுப்பில் கொடுத்தது. என் கைப்பேசியில் இருந்தது.

அவரும் என் கையைப் பார்த்தார். “கூப்பிட்டா என்னையும்தான் புடிச்சுட்டுப் போவாங்க. ஜெயில்கூட உண்டு. தெரியும்ல?”

“தெரியும்.”

“கூடப் பொறந்தவன் நிசா.”

அழைத்தேன். தேதி கேட்கவில்லை; நேரமும் இடமும் கேட்டார்கள். தடுமாறாமல் சொன்னேன். ஐம்பது நிமிடத்தில் வருவதாகவும், ஒட்டிய இறக்கையை இழுக்க வேண்டாம், அசையாமல் பிடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

“என்கிட்ட குடுங்க. நீங்க போயிருங்க,” என்றேன். அப்படிச் சொன்னதும் தவறாக இருக்கலாம்.

“உனக்குப் புடிக்கத் தெரியாது. கொஞ்சம் இறுக்குனா மூச்சு நிக்கும், கொஞ்சம் விட்டா துடிக்கும். துடிச்சா இறக்கை பிஞ்சிரும்.” அவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பது நிமிடம் என்று சொன்னவர்கள் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. முழங்கால் மாற்றி மாற்றி மண்டியிட்டார். வியர்வை கண்ணில் இறங்கியபோது என் துப்பட்டா முனையால் துடைத்துவிட்டேன். மேலே எங்கோ பெட்டை பாட்டின் பின்பாதியை மட்டும் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வந்தவர்களில் வர்ஷா என்ற அதிகாரி என் வயதுக்காரி. பறவையை இன்னொருவர் பெட்டியில் வாங்கிக்கொண்டபின், ஸ்பீக்கரை ஒருமுறை இயக்கிக் கேட்டார்.

“இந்த ரெக்கார்டிங்ல பேசுறது யாரு?”

“நான்தான்.”

“இவருக்கு நீங்க அனுப்புனீங்களா? எதுக்கு?”

“எனக்குச் சந்தேகமா இருந்துச்சு,” என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். ஓர் இடத்தில் நேரம் ஐந்து நிமிடம் தவறியிருந்தது, திருத்தச் சொன்னேன். நானா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உம்மாவிடம் அன்றே சொன்னேன்.

“ஒரு குருவிக்காகவா? வகுப்புல மார்க்கு வாங்க உனக்கு வேற வழி கிடைக்கலயா?” என்றார் உம்மா. பெருநாளன்று எனக்கும் பிரியாணி வைத்தார். என் பக்கம் பார்க்காமல் வைத்தார். நானா கடைக்குப் போனார், வந்தார், என்னிடம் பேசவில்லை. சின்னானைப் பற்றி வகுப்பில் கொடுக்க வேண்டிய கட்டுரையை நான் கொடுக்கவில்லை. காரணம் கேட்டார்கள். இடத்தைச் சொன்னது நான் என்பதைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை, அதுவே பாரமாக இருந்தது. கூப்பிட்டது சரியா என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். அனுப்பியது தவறு என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய் மாலை. தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது நானா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அது இருக்கா?” என்றார். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“இருக்கு நானா. வால் திரும்ப முளைச்சிருச்சாம். நேத்து விட்டுட்டாங்க. வர்ஷா போன் பண்ணாங்க.”

“எங்க?”

“சொல்லல. நானும் கேக்கல.”

தம் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டார். “அந்த மேட்டுக்குப் போனியா?”

“இல்ல.”

“போகாத,” என்றார். பிறகு, “மே பதினாறு கோர்ட்டு. வக்கீல் மறுத்துச் சொல்லுங்கறாரு. நான் ஒத்துக்கப் போறேன். நீ வந்து எனக்கு எதிரா சாட்சி சொல்ல வேண்டியதில்ல.”

எதற்காக ஒத்துக்கொள்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் தம் கோப்பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். ஜம்புல் கூண்டுகளுக்குத் தண்ணீர் மாற்றும் சத்தம் கேட்டது. மே பதினாறு வியாழக்கிழமை. அவரோடு கோர்ட்டுக்குப் போக வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.