வலை என்றுதான் சொன்னார்

பட்டறையில் யாரும் வேலி என்று சொல்ல மாட்டோம். வலை என்போம். என் கணவர் மெஷினில் கம்பியைக் கொடுப்பார். வளைந்து வளைந்து வெளியே வரும் கம்பியை நான் முந்தின கம்பியோடு திருகிக் கோப்பேன். சுருட்டிக் கட்டி வண்டியில் ஏற்றும்வரை அது வலைதான். தூண் நட்டு இழுத்துக் கட்டுவது அவர் அண்ணனின், எங்கள் வீட்டு மூத்தவரின், வேலை. அந்தக் கை பட்ட பிறகே வேலி.

கணவர் இறந்த மாதம் முடிவதற்குள், என் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே மூத்தவர் தூண் நட்டார். அதில் கட்டியது என் கணவர் கடைசியாகப் பின்னிய சுருள்.

"என்ன மாமா இது?"

"வலைதாம்மா. தெருநாய் வந்து படுத்துக்குது."

"நாய்க்கு எதுக்கு மாமா கான்கிரீட் தூண்?"

அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "விட்டா வலையா வேலியான்னு வக்கீல் வைப்பா போல!"

"பட்டறைக்கு நான் எப்படிப் போறது?"

"இப்ப உனக்கு என்னம்மா பட்டறை? கொஞ்ச நாள் ஓய்வெடு."

ஓர் ஆர்டர் பாதியில் நின்றிருந்தது. அதை முடித்துக் கொடுத்தால் வாடிக்கைக்காரர்கள் என்னை நம்புவார்கள். அந்த மெஷினை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. பட்டறையின் தெருப்பக்கக் கதவுச் சாவி மூத்தவரிடம் இருந்தது. கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்மா" என்றார்.

ஒரு நாள் காலை அவர் வெளியே கிளம்பியதும் வலையைப் பிரித்தேன். எங்கள் தொழிலில் அதற்குக் கத்தரி வேண்டாம். நுனி மடிப்பை நிமிர்த்தி, ஒரே ஒரு கம்பியைத் திருகித் திருகி மேலே உருவினால் போதும், வலை இரண்டாகிவிடும். மூத்தவருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஏன் நுனிகளை வெல்டு வைக்காமல் விட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பட்டறையில் மெஷின் இல்லை. தரையில் எண்ணெய்க் கறையும் கழற்றிப் போட்ட போல்ட்டுகளும் கிடந்தன. காரியம் முடிந்து நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, வலை கட்டுவதற்கு முன்பே, தெருப்பக்கமாக வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து, உருவிய கம்பியை மறுபடி கோக்க ஆரம்பித்தேன். பாதியில், பட்டறைப் பக்கமாக மூத்தவர் வந்தார்.

"வித்துட்டேன்மா. பொம்பளையால அத ஓட்ட முடியுமா? உனக்குப் பாரம்னுதான்..."

நான் அடுத்த கண்ணியில் கம்பியைத் திருகினேன்.

"தெறந்தே கெடக்கட்டும்மா. இனிமே எதுக்கு மூடணும்?"

"தள்ளி நில்லுங்க மாமா. கம்பி கண்ணுல குத்தும்."

பட்டறைப் பக்கமே தள்ளி நின்றார். கடைசிக் கண்ணிவரை கோத்து, நுனியைக் குறடால் அழுத்தி மடித்தேன்.