மூன்று மாதச் சீரமைப்பு

ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் கிரிகரியிடம்தான் நீட்டுவார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர், மிஷன் பள்ளியில் படித்தவர். கிள்ளானை அடுத்த தெலுக் பங்லிமா காராங் ஊரில், நாற்காலித் தொழிற்சாலையின் சூப்பர்வைசர்.

1998 மார்ச்சில் வந்த காகிதம் அவரையே திணறடித்தது.

முதலாளி ஜகார்த்தாக்காரர். அவர் நாட்டுப் பணமான ரூப்பியாவின் மதிப்பு விழுந்ததில் அவரும் விழுந்திருந்தார். அவர் நாட்டுக்கு வெளிநாட்டு உதவி வந்துவிட்டதாக வானொலி சொன்ன அன்று, பேக்கிங் பகுதியில் கைதட்டினார்கள். சந்தையைத் திற, சொத்தை வில் என்ற நிபந்தனைகளும் கூடவே வந்தது யார் காதிலும் விழவில்லை.

காகிதத்தில் 'ரீஸ்ட்ரக்சரிங்' என்றிருந்தது. கிரிகரிக்குப் பிடிபடவில்லை. மேனேஜரிடம் கேட்கலாம். கேட்டால் இருபது வருட மரியாதை என்னாவது? தமிழ்ப் பத்திரிகையில் அதைச் 'சீரமைப்பு' என்று போட்டிருந்தார்கள். அது தெரிந்த சொல்தான்! மாதா கோயில் கூரை மாற்ற வசூலித்தபோது காணிக்கை உறையில் அச்சாகியிருந்ததே!

"ஃபேக்டரிய சீரமைக்கப் போறாங்க லா. மூணு மாசச் சம்பளம் குடுத்துடறாங்க. சைன் பண்ணுங்க."

பந்திங் ஊரிலிருந்து வரும் பூமணி மட்டும் பேனாவைத் தொடவில்லை. வீட்டில் ஐந்து வயிறும் அவளை நம்பித்தான்.

"அண்ணே, எங்க ஊர் கையுறை ஃபேக்டரில ஆள் எடுக்கறாங்க. வெள்ளிக்கிழமையோட சரி. போயிடட்டா?"

கிரிகரி காகிதத்தில் அந்தச் சொல்லை இன்னொரு முறை பார்த்தார்.

"எதுக்கும்மா? கூரைய மாத்த மூணு மாசம். அது முடிஞ்சதும் நேரா வேலைக்கு வந்துடலாம்."

"இனிமே மழைக்கு வாளி வைக்க வேணாம்டி!" என்று யாரோ சொல்ல, பூமணியும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. திங்கட்கிழமை காலை. கிரேன், இயந்திரங்களைக் கண்டெய்னர் லோரிகளில் ஏற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் கிள்ளான் துறைமுகத்துக்கு. தொழிற்சாலையை வாங்கியவனுக்கு இயந்திரம் மட்டும் போதுமாம். உடனிருந்து ஏற்றிவிடும் வேலை மட்டும் கிரிகரிக்கு மிச்சம். அதுவும் அன்றோடு சரி.

பஸ் நின்றது. துவைத்துத் தேய்த்த நீலச் சீருடையில், சாப்பாட்டுடன் முப்பது பேர் இறங்கினார்கள். பூமணி அண்ணாந்து பார்த்தாள்.

"கூரைய இன்னும் மாத்தலையேண்ணே?"

தொழிற்சாலையை மூடியாகிவிட்டது என்று காவலாளி மலாயில் கத்தினார்.

பூமணி பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். ஒரு கசங்கல் இல்லை. "அன்னிக்கு அவசரத்துல பாத்தீங்க. நிதானமா இன்னொரு தடவ படிங்கண்ணே."

படித்தார். இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"அந்தக் கையுறை ஃபேக்டரி..." என்றார்.

"நீங்கதானே வேணாம்னீங்க. அங்க ஆள் போட்டாச்சு."

"சத்தமாப் படிங்கண்ணே, பின்னாடி கேக்கல!" என்றது ஒரு குரல்.

முதல் லோரி ஹார்ன் அடித்தது. முப்பது பேரும் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டார்கள். பிறகு, எப்போதும் வேலைக்கு நிற்பதுபோல், மறுபடி வரிசையில் நின்றார்கள்.