அடிக்கல்லின் அடியில் ஒரு பெயர்

இஸ்ரேலில், கலிலேயா மலைச்சரிவின் புதுக் குடியிருப்பில் யூதர்களின் ஜெப ஆலயம் எழுப்புவதென முடிவாகியிருந்தது. அடிக்கல்லின் கீழ்ச் செப்புக் குழாயிலிட்டுப் புதைக்க வேண்டிய சுருளை எழுதும் பொறுப்பு, வேதபாட ஆசிரியை ஓஸ்னாத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அஸ்திவாரத்தைக் குறிக்கும் ‘யெசோத்’ என்னும் எபிரேயச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் விளக்கிச் சில வரிகள், அவ்வளவே கேட்டிருந்தார்கள்.

எழுதியதைப் படித்த கமிட்டித் தலைவர் ஷிஃப்ரினின் முகம் கறுத்தது.

“உறுதியா ஊன்றுறதுங்கிற வேர்லேருந்து வந்த சொல்லுனு ஆரம்பிச்சிருக்கீங்க, பிரமாதம். அப்புறம் எதுக்கு டீச்சர் இந்த ரத்தம்?”

“நானாச் சேத்ததில்லீங்க ஐயா. வேதத்துல பலிபீடத்தோட அடிப்பாகத்துக்கும் இதே பேருதான். பலி ரத்தத்தை ஊத்துற இடம் அது.”

“கடைசியில மசூத் பேரு?”

“இந்தக் குழியைத் தோண்டறப்போ மண்ணு சரிஞ்சு செத்தவரு. முட்டுக்கொடுக்கப் பலகை கேட்டாரு. நீங்க கொடுக்கலை.”

“நல்ல நாள்ல இழவுப்பாட்டா? மொராக்கோவுலேருந்து கப்பல் இறங்குன நாள்லேருந்து உங்க ஆளுங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒப்பாரிதான்!”

அவர் அந்த வரியை அடித்தார். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்த ஓஸ்னாத், பெரியவர்களிடம் குரல் உயர்த்தியறியாதவள். சுருளைப் பணிவோடு பெற்றுக்கொண்டாள். வெளியே வந்த பிறகும் அவள் கோபம் அடங்கவில்லை.

விழாவன்று அடித்த வரியையும் சேர்த்தே உரக்கப் படித்தாள்.

“போதும்! குழாய்ல போட்டு மூடுங்க!” என்று ஷிஃப்ரின் பல்லைக் கடித்தார்.

அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து மசூதின் மனைவி ஸொஹ்ரா முன்னே வந்தாள்.

“எங்க போடப் போறீங்க அதை?”

“கல்லுக்கு அடியிலம்மா,” என்றாள் ஓஸ்னாத். “என்னைக்கும் அழியாது.”

“ஒருதரம் மண்ணுக்குள்ள போட்டது பத்தலையா? அவரு பேரையும் போட்டு மூடணுமா? படிச்சவங்கதானே நீங்க!”

ஓஸ்னாத்துக்குச் சுரீரென்றது. பெருமையோடு தான் செய்ய வந்த காரியம் இன்னதென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஷிஃப்ரின் மீது மூண்ட சினத்தில் ஒரு பங்கு அவள் மீதே திரும்பியது. சுருளை மடித்து ஸொஹ்ராவின் கையில் வைத்தாள். குழிக்குள் இறங்கி, அங்கே நின்ற கொத்தனார் அம்ரமின் காதிடுக்கிலிருந்த பென்சிலை உருவினாள். விருந்தினர் பார்க்க, மண்ணுக்கு மேலே தெரியப்போகும் அடிக்கல்லின் முகப்பில் மசூத் எல்பாஸ் என்று பெரிதாக எழுதினாள்.

“அழிங்கடா அதை!” என்று கத்தினார் ஷிஃப்ரின்.

“அழிக்கணும்னா நீங்களே குழிக்குள்ள இறங்கி வாங்க தலைவரே,” என்றார் அம்ரம். “பயப்படாதீங்க, இப்பப் பலகை வச்சிருக்கு.”

பிறகு உளியை எடுத்து முதல் எழுத்தின் மேல் வைத்து ஓங்கி அடித்தார்.