சகலையின் பூஜ்யம்

காலை ஷிப்டு தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கைப்பிடி மாட்டும் பகுதியில் நிற்க வேண்டிய சகலை, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு, வால்வுகளைச் சோதித்துச் சீல் வைக்கும் சீல்காரரின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

“அண்ணே, அவ முழுகாம இருக்கா.”

சீல்காரர் கையிலிருந்த வால்வைக் கீழே வைத்தார். ‘அவ’ என்றால் சகலையின் மனைவி. சீல்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கை. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஏழு மாதத்துக்கு முன்னால் இந்த இரண்டு மாப்பிள்ளைகளும் சேர்ந்து போய், ஒரே நாளில், ஒரே டாக்டரிடம், இனிமேல் பிள்ளையே வேண்டாம் என்று ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர்கள்.

“பாருங்கண்ணே, பூஜ்யம்! என் பேரு, என் வயசு, பக்கத்துல பூஜ்யம். டாக்டர் கையெழுத்து. யாருடின்னு கேட்டா, வேற யாரு, நீங்கதான்ங்கறா. எனக்கே காது குத்தறா! ரெண்டு பிள்ளைங்களையும் நான் பாத்துக்கறேன், நீ நாளைக்கு உங்கம்மா வீட்டுக்குக் கிளம்புன்னு சொல்லிட்டேன்.”

சீல்காரர் அந்தக் காகிதத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏனென்றால், அந்தப் பூஜ்யம் சகலையுடையதே அல்ல. அவருடையது.

இந்தக் கண்ராவியை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். வால்வுத் தொழிற்சாலையில் இந்த மனிதருக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. வால்வுக்குள் அழுத்தத்தோடு தண்ணீரை ஏற்றி, மூன்று நிமிடம் பொறுத்து, ஓரத்தைக் காகிதத்தால் ஒற்றிப் பார்ப்பார். காகிதம் நனையவில்லை என்றால் சீல். ஒவ்வொன்றாகப் பார்த்தால் வேலை முடிந்த மாதிரிதான். அதனால் ஒரே நாளில் ஒரே அச்சில் வார்த்ததையெல்லாம் ஒரு லாட் என்று பிரித்து, லாட்டுக்கு ஒன்று பார்ப்பார்கள். அவர் சீல் வைத்தது ஒன்றுகூட இதுவரை ஒழுகித் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையில் மனிதருக்குத் தலைகால் புரியாது.

ஆபரேஷன் அன்றைக்கே டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். “குழாயை வெட்டிக் கட்டியாச்சு. ஆனா அதுக்கு மேல ஏற்கெனவே தேங்கி இருக்கறது காலியாகணும். மூணு மாசம் ஜாக்கிரதையா இருங்க. அப்புறம் ஆளுக்கொரு பாட்டில்ல எடுத்துட்டு வாங்க. டெஸ்ட்ல பூஜ்யம்னு வந்தாதான் நம்பலாம்.”

மூன்று மாதம் கழித்து அந்த நாளும் வந்தது. சகலைக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. லேப்புக்கு வரவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். தன் பேர் ஒட்டிய பாட்டிலைச் சீல்காரர் கையில் திணித்து, “உங்களுதோட சேத்துக் குடுத்துடுங்கண்ணே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டிய சரக்கு. இருபத்திரண்டு வருடமாக ஒழுகுகிறதா என்று பார்த்தே பிழைப்பு நடத்தும் மனிதர், அந்த மூடியை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கவே வெட்கமாக இருந்தது அவருக்கு. சட்டைப் பையில் ஒன்று, கால்சட்டைப் பையில் ஒன்று என்று போட்டுக்கொண்டு, நெரிசலான பஸ்ஸில் ஏறிவிட்டார்.

லேப் கழிப்பறைக்குள் போய்ப் பையைத் தடவினால் ஈரம். சகலையின் பாட்டிலில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

திரும்பிப் போய் இன்னொரு தடவை கேட்கலாம்தான். ஆனால் அதை ஒரு ஆம்பிளையிடம் எந்த வாயால் இரண்டாவது தடவை கேட்பது? சீல்காரர் யோசித்தார். ஒரே நாள். ஒரே டாக்டர். ஒரே கத்தி. ஒரே பெஞ்சில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இது ஒரே லாட். லாட்டுக்கு ஒன்று பார்த்தால் போதும். தன்னுடைய பாட்டிலிலிருந்து பாதியைச் சகலையின் பாட்டிலில் ஊற்றினார். மூடியை இறுக்கினார். இந்தத் தடவை தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தார். எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!

இப்போது அந்தப் பொறுப்பு மேஜைக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தது.

“சில பேருக்கு அது தானா மறுபடி ஒட்டிக்குமாம்ப்பா” என்று மெதுவாக ஆரம்பித்தார். “அபூர்வமாத்தான். நீ எதுக்கும் இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிக்கோயேன்.”

“பாஸ் ஆன சரக்கை ரெண்டாவது தடவை பாக்கறவன் முட்டாள்னு நீங்கதானண்ணே சொல்லிக் குடுத்தீங்க?”

சொன்னது அவரேதான். இந்த மேஜையில் உட்கார்ந்தே சொன்னார்.

அன்று சாயங்காலம் சகலையின் வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி முன்னாலேயே வந்திருந்தாள். மச்சினிச்சி கட்டில்மேல் ஒரு பையைத் திறந்து வைத்து, தன் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.  பாவி, என் பேர் கெட்டுவிடுமே என்றல்லவா காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று சீல்காரர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

இருந்தும் உண்மை வாயில் லேசில் வருமா?

“லேப்ல பாட்டில் கீட்டில் மாறியிருக்கும்” என்றார்.

“நீங்க உங்க கையால குடுத்தது எப்படிண்ணே மாறும்?” என்றான் சகலை.

“இவரு குடுத்தா மாறாது” என்று அவர் மனைவியும் சேர்ந்துகொண்டாள். “கடையில வாங்கற தண்ணி பாட்டிலைக்கூடக் கவுத்துப் பாத்துதான் காசு குடுப்பாரு.”

மச்சினிச்சி நிமிர்ந்து பார்த்தாள். “மாமா, நீங்களாவது நம்பறீங்களா?”

“நம்பறதென்னம்மா, எனக்குத் தெரியும்” என்றார் சீல்காரர். “பாட்டில் மாறலை. கொட்டிடுச்சு.”

“எது?” என்றான் சகலை.

“உன்னுது. பஸ்ல. என் பாக்கெட்டுக்குள்ள.”

“அப்ப லேப்ல என் பேர்ல குடுத்தது?”

“என்னுதுதான். பாதி.”

 சீல்காரருக்கு அந்த நேரத்திலும் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “ஒரே நாள், ஒரே டாக்டர், ஒரே கத்தி... ஒரே லாட்னு நினைச்சுட்டேன்.”

“அடப்பாவி மனுஷா!” அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “நாங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் என்ன, வால்வையா கட்டிக்கிட்டோம்?”

சகலை சீல்காரரின் கழுத்தைப் பிடிக்கப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கழுத்தைப் பிடிக்கத்தான் செய்தான். ஆனால் கட்டிக்கொண்டு குதித்தான். “அப்ப என்னுது! அண்ணே, என்னுதுதான்ணே!” என்று கத்தினான். உறை போட்ட ரிப்போர்ட்டைக் கிழிக்கப் பார்த்தான். பிளாஸ்டிக் கிழியவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தான். பிறகு அதை வீசிவிட்டு, பெண்டாட்டியின் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“மன்னிச்சுடுடி. உன்னை நம்பறேன். இனிமே கண்ணை மூடிக்கிட்டு நம்பறேன், சத்தியமா.”

மச்சினிச்சி பையின் பக்கம் திரும்பினாள். பையிலிருந்த தன் துணிகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். கொடியில் கிடந்த அவனுடைய சட்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் அடுக்கினாள்.

“என் சட்டையை எதுக்குடி எடுத்து வைக்கறே? அதான் நம்பறேன்னு சொல்லிட்டேனே!”

“இனிமே நம்பறதுக்கு என்ன இருக்கு?” என்றாள் அவள். “இப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே.”

பையின் ஜிப்பை இழுத்து மூடி அவன் கையில் கொடுத்தாள்.