இடப்பக்கத்து மழை

தையல்காரியின் வயிற்றில் இரண்டு கருப்பைகள் இருந்தன. இடப்பக்கத்தில் இருந்ததில் மழை பெய்துகொண்டிருந்தது. எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்து அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் அவள் வயிற்றில் காதை வைத்த, பேருந்து ஓட்டுநரான கணவர் வெளியில் மழை என்று நினைத்து ஜன்னலைச் சாத்த எழுந்து போனார். பிள்ளை தங்கவில்லை. உறவுக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள், மழை ஓயவில்லை. வயது நாற்பதைத் தாண்டிய பிறகு உதிரப்போக்கு நிற்காமல் போய் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, இரண்டு கருப்பைகளுக்கும் வாய் ஒன்றுதான், அந்த வாயில் புற்று இருக்கிறது என்றார்கள்.

வெளியிலிருந்து கொடுத்த கதிர்வீச்சு வாரக்கணக்கில் ஒழுங்காக நடந்தது. உள்ளே குழாய் வைத்துக் கொடுப்பதில்தான் சிக்கல். டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "கருவியில நடுக்குழாய் ஒண்ணுதான். ஒரு பக்கம் விட்டா இன்னொரு பக்கத்துக்குக் கதிர் எட்டாது. அதனால ரெண்டு குழாய் வைக்கப் போறோம். மழைதான் இடிக்குது." சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

மழை உண்மையாகவே இடித்தது. தூறலில் ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கீழ்த்தளத்துக் கதிர்வீச்சுப் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அடைமழையாகி, இடப்பக்கக் கருப்பை வீங்கி மூத்திரப்பை மேல் சாய்ந்துவிடும். அந்தக் கணக்கில் கொடுத்தால் நல்ல உறுப்பு வெந்துபோகும். குழாய்களை உருவிவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுமுறையும் அதே கதைதான்.

"நான் ஏதாவது செய்யணுமா டாக்டரம்மா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். முழங்கால் வெள்ளத்திலும் பேருந்தை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. வீட்டில் ஒருநாள் அவள் வயிற்றருகே குனிந்து, "கொஞ்சம் நில்லேன்" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"அது என்னைக்குங்க நம்ம பேச்சைக் கேட்டிருக்கு?" என்றாள் அவள். அன்று இடியும் சேர்ந்துகொண்டது.

கடைசியில் டாக்டரம்மா முடிவெடுத்தார். "மழை நிக்கட்டும்னு நாம உக்காந்திருந்தா நோய் உக்காந்திருக்காது. பெருமழைக்கே கணக்குப் போடுங்க." இளைஞர் மழை வலுக்கும்வரை காத்திருந்து ஸ்கேன் எடுத்தார், இடப்பக்கம் குறைவாகவும் வலப்பக்கம் கூடுதலாகவும் பிரித்துப் போட்டார். கனத்த கதவு மூடியது. உள்ளே அவள் மட்டும். திரையில் அவள் உதடு அசைவதைப் பார்த்த ஓட்டுநர், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நர்ஸ் ஒலிபெருக்கியைப் போட்டார். மழைச் சத்தம்தான் வந்தது. திரையைத் தொட்டபடி அவர் நின்றார்.

எல்லாத் தவணையும் முடிந்தது. வலப்பக்கம் சுத்தம் என்றார்கள். இடப்பக்கத்தில் மழைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்த ஸ்கேனிலும் தெரியவில்லை. விட்டபிறகு பார்க்கலாம் என்றார்கள். வருஷங்கள் போயின. மழை விடவில்லை. அவள் ஜாக்கெட் தைக்கிறாள், அவர் பேருந்து ஓட்டுகிறார். பரிசோதனைக்கு முந்தின வாரம் இருவருக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. நர்ஸ் எடை பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், பிறகு தலை நிமிராமல் கேட்பார்.

"மழை?"

"தூறல்தான் சிஸ்டர்."

நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.